எக்ஸ் எழுத்தின் மேல் ஒட்டிய பிளாஸ்டர்

தோட்டத்துக் கணினி நிலையத்துக்குப் புதிய கணினிகள் வந்துவிட்டன. பழைய ஆறையும் கழித்துவிடச் சொல்லிக் கடிதம் வந்திருந்ததால், நேற்றுப் பின்னேரம் ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது கீபோர்டைத் திருப்பியபோது எக்ஸ் எழுத்தின் மேல் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. விரலில் வெட்டுப்பட்டால் சுற்றுகிற அதே பிளாஸ்டர். ஓரம் கறுத்து, பசை வெளியே வழிந்து, அதில் தூசு படிந்திருந்தது. முகர்ந்து பார்த்தேன். மருந்து வாசம் போய்விட்டது, ரப்பர் வாசம் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பிய்க்க மனம் வராமல் மேசையில் வைத்துவிட்டு, உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

நீ போய் இரண்டு வருடமாகிறது. உன்னைப் பற்றி யாரிடமாவது சொல்லத் தொடங்கினால், "கேம் விளையாடினீங்களா, ரெண்டு பேருமா?" என்று சிரிக்கிறார்கள். அதனால் உன்னிடமே சொல்கிறேன்.

அந்தக் கணினிகள் ஒரு லொறியில் வந்து இறங்கிய நாள் நினைவிருக்கிறது. கொழும்பில் உள்ள ஒரு தொண்டு நிறுவனம் அனுப்பியது. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவை நடுவில் பலகை அடித்து இரண்டாக்கினார்கள். ஒரு பக்கத்தில், அம்மாமார் கொழுந்து பறிக்க மலைக்குப் போனதும் நீ பார்த்துக்கொள்கிற கைக்குழந்தைகள். மறுபக்கத்தில் என் ஆறு கணினிகள். ஓ.எல். பரீட்சை வரை பள்ளிக்கூடத்தில் நாம் ஒரே வாங்கில் இருந்தோம். கணக்கில் நீ எப்போதும் எனக்கு மேலே. உன் அம்மா மலையில் சறுக்கி விழுந்து இடுப்பு போய்ப் படுத்த பிறகு நீ படிப்பை விட்டு நின்றுவிட்டாய். நான் உயர்தரம் முடித்து, ஹட்டனில் கணினி டிப்ளோமாவும் படித்துவிட்டு வந்தேன். கடைசியில் இருவருக்கும் ஒரே கூரைக்குக் கீழே வேலை. பிள்ளைகள் என்னை மிஸ் என்றார்கள், உன்னை ஆயா என்றார்கள்.

கணினியைத் திறந்து பார்த்தால் உள்ளே லினக்ஸ். டிப்ளோமாவில் அந்தச் சொல்லைக் கேட்டிருந்தேனே தவிர, கண்ணால் கண்டதில்லை. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு, வகுப்புக்கு ஒரு பக்கம் முன்னால் படித்துச் சமாளித்துக்கொண்டிருந்தேன். மெனுவில் ஒரு மூலையில் பெயரில்லாத நீல வட்டம் ஒன்று இருந்தது. அதை அழுத்தினால் ஒரு விளையாட்டு திறக்கும். பிள்ளைகள் ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டிவிட்டு, "மிஸ், இது பழுது" என்று விட்டுவிட்டார்கள்.

ஒரு பின்னேரம் நல்ல மழை. தாய்மார் பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மழை விடட்டும் என்று நீ என் பக்கம் வந்து நின்றாய். திரையில் சாம்பல் நிறத்தில் நூறு கட்டம், நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி, மேலே இரண்டு எண்கள். இடப்பக்கம் பூச்சியம், வலப்பக்கம் பன்னிரண்டு. வேறு எழுத்து ஒன்றுகூட இல்லை.

"என்னாடி இது, வெறும் கட்டமா இருக்கு?"

"கேம்."

"எப்படி வெளையாடுறது?"

"தெரியல."

"நீதானே மிஸ்ஸு."

எனக்குச் சுருக்கென்றது. புத்தகத்தில் படித்ததைக் காட்டிவிடலாம் என்று, கையேட்டைக் கேட்கும் கட்டளையைத் தட்டினேன். அப்படி ஒரு கையேடு இல்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. உதவி கேட்கும் இன்னொரு கட்டளையைத் தட்டினேன். உதவி வரவில்லை, விளையாட்டுதான் மறுபடி திறந்தது. ஜன்னலோரம் மட்டும் சிக்னல் கிடைக்கிற டொங்கிளை மாட்டி இணையத்தில் தேடினேன். லினக்ஸ் பழகுகிறவர்கள் கேள்வி கேட்கும் ஒரு தளத்தில், யாரோ பல வருடங்களுக்கு முன்னால் "இதை எப்படி விளையாடுவது?" என்று கேட்டிருந்தார்கள். கீழே யாரும் பதில் எழுதவில்லை.

"என்னாவாம்?" என்றாய்.

"இதுக்குப் புத்தகமே இல்லையாம்."

"அப்ப நம்மதான் எழுதணும்," என்றாய். மழை விட்டது, நீ வீட்டுக்குப் போனாய். நீ சும்மா சொன்னாய் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் ஒரு கொப்பியோடு வந்தாய். முன்பக்கத்தில் குழந்தைகளின் வரவு, பின்பக்கத்தில் நீ அடிமட்டம் வைத்து இழுத்த இரண்டு நிரல்கள். ஒன்றுக்கு மேலே "செஞ்சது", மற்றதற்கு மேலே "நடந்தது". ஏ முதல் இசட் வரை ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி, என்ன நடந்தது என்று எழுதினாய். பெரும்பாலான வரிகளில் "ஒன்னும் நடக்கல" என்றுதான் இருந்தது. அதையும் விடாமல் எழுதினாய். நான் பொறுமையில்லாமல் இரண்டு மூன்று விசைகளைச் சேர்த்துத் தட்டியபோது கையில் அடித்தாய். "ஒரு நேரத்துல ஒன்னு மட்டும். இல்லன்னா எதுனால நடந்துச்சுன்னு எப்படித் தெரியும்?"

முதல் வாரத்தில் நான்கு எழுத்துகள் புள்ளியை நான்கு திசைக்கும் நகர்த்தும் என்று தெரிந்தது. இரண்டாம் வாரத்தில், ஒவ்வொரு அழுத்தையும் விளையாட்டு ஒரு முறை என்று எண்ணுகிறது, இடைவெளி விசையை அழுத்தினால் புள்ளி நகராமல் அந்த ஒரு முறை மட்டும் கழியும் என்று நீ கண்டுபிடித்தாய். புள்ளி மிதித்த கட்டம் பச்சையாகும். சில முறை போனால் மஞ்சளாகும், இன்னும் போனால் மண்ணிறமாகிவிடும், பிறகு அதில் கால் வைக்க முடியாது. மஞ்சளில் திரும்ப மிதித்தால் இடப்பக்க எண் ஒன்று ஏறும். அவசரப்பட்டுப் பச்சையில் மிதித்தால் வலப்பக்க எண் ஒன்று இறங்கும். அது பூச்சியத்துக்கு வந்தால் ஆட்டம் முடிந்தது.

ஒரு நாள் இடப்பக்க எண் முப்பத்தொன்றைத் தொட்டது. அதுவரை நாம் போகாத தூரம். அந்த நேரம் பார்த்து என் விரல் எக்ஸில் பட்டது. எதையும் கேட்காமல் விளையாட்டு எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கியது. நீ எழுந்து உன் பக்கம் போய், முதலுதவிப் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டர் கொண்டுவந்து அந்த எழுத்தின் மேல் ஒட்டினாய்.

"அங்குட்டு கரண்டு ஓட்டையிலயும் இதத்தான் ஒட்டி வச்சிருக்கேன்," என்றாய். "அங்க புள்ளைங்களுக்கு, இங்க உனக்கு."

மிச்சமிருந்தது ஒரே கேள்வி. பச்சை மஞ்சளாக எத்தனை முறை ஆகிறது? அங்கேதான் நான் கெடுத்தேன்.

எனக்குத் திடீரென்று ஒன்று தோன்றியது. கொழுந்து எடுத்த மலைக்கு ஏழு நாள் கழித்துத் திரும்பப் போகிறார்கள். சீக்கிரம் போனால் தளிர் இருக்காது, பிந்திப் போனால் முற்றிவிடும். இந்த விளையாட்டும் அதேதான் என்று உன்னிடம் பெரிய கண்டுபிடிப்பாகச் சொன்னேன்.

"இது மலை இல்ல," என்றாய். "கட்டம். எண்ணிப் பாரு."

எண்ணினோம், மேலே உள்ள எண்களோடு மாறி மாறிக் கொப்பியில் எழுதினோம். ஏழில் சில நாட்கள் சரியாக வந்தது, சில நாட்கள் வரவில்லை. வராத நாட்களில் என் விரல்தான் தவறியிருக்கும் என்று நான் சொன்னேன். "ஏழு இல்ல, இன்னும் பாக்கணும்," என்று நீ சொல்லிக்கொண்டேயிருந்தாய். எனக்கு அலுத்துவிட்டது. கையில் ஒரு நல்ல கதை இருந்தது. தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒருத்தி, ஏழு நாள், ஏழு முறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீ இல்லாதபோது, எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதி அந்தத் தளத்தில், பதிலில்லாமல் கிடந்த கேள்விக்குக் கீழே போட்டேன். நான் கண்டுபிடித்தேன், நான் பார்த்தேன், நான் எண்ணினேன். முழுக்க நான்தான். நாம் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

பாராட்டு வந்தது. எப்படியோ நிறுவனத்தின் கொழும்பு அலுவலகத்துக்கும் அது எட்டியது. அவர்கள் அதைத் தமிழாக்கி, என் படத்தோடு அச்சடித்து அனுப்பினார்கள். நிலையத்துக்கு வந்து போகிற அதிகாரி அதை வாசல் அறிவிப்புப் பலகையில் குத்திவிட்டுப் போனார். ஒட்டியது நானில்லை. ஆனால் எடுக்காமல் விட்டது நான்தான்.

மறுநாள் காலை நீ துவைத்த துணிகளைக் கையில் வைத்துக்கொண்டு அதன் முன்னால் நின்றாய். முழுவதையும் வாசித்தாய். நான் உள்ளிருந்து ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன், வெளியே வரவில்லை. நீ துணிகளைக் கொடியில் போட்டுவிட்டு உன் பக்கம் போனாய். அன்று பின்னேரம் நீ வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. கொப்பியும் இல்லை. மூன்று வாரம் பலகைக்கு அந்தப் பக்கம் நீ குழந்தைகளோடு பேசுகிற சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். பாதையில் எதிரே வந்தால், "சாப்பிட்டியா?" என்று கேட்பாய். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. நீ சண்டை போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

பிறகு அந்தத் தளத்தில் ஒருவர் எழுதினார். "ஏழு முறை என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வாரமாக முயன்று பார்க்கிறேன், எனக்கு வரவில்லை. ஏழு என்பதை எப்படி உறுதி செய்தீர்கள்?" மரியாதையாகத்தான் கேட்டிருந்தார். நான்கு நாட்கள் தனியாக உட்கார்ந்து எண்ணினேன். எழுதி வைக்காமல் எண்ணியதால் நேற்று எண்ணியது இன்றைக்கு நினைவில் இல்லை.

ஐந்தாம் நாள், மூன்று மணிக்கே நிலையத்தைப் பூட்டிவிட்டுப் நீ இருக்கிற பணிய லயத்துக்கு, கீழ்வரிசை வீடுகளுக்கு, இறங்கினேன். அன்று போயா, பௌர்ணமி விடுமுறை; எண்ணுவதற்காகத்தான் நான் நிலையத்தைத் திறந்திருந்தேன், உன் பக்கம் பூட்டியிருந்தது, நீ வீட்டில் இருந்தாய். உன் அம்மாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்துவிட்டு, "உக்காரு," என்றாய். அம்மாவுக்கு வாய் துடைத்துவிடும் வரை நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன்.

"பேரு போடலன்னு கோவமா?" என்று கேட்டேன்.

"கோவம்தான். இல்லன்னு சொல்ல மாட்டேன்." தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாய். "நீ என்னோட படிச்சவ. மத்தவங்க ஆயான்னு நெனக்கிறது வேற. நீ நெனச்சதுதான் ஒரு மாதிரியா போச்சு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். நீ கையை உயர்த்தி நிறுத்தினாய்.

"அது கெடக்கட்டும். ஏழுன்னு ஏன் எழுதுன? ஏழு இல்லன்னு நான் சொன்னேன்ல?"

"நல்லா இருந்துச்சு. மலை, ஏழு நாளு..."

"யாரோ ஒருத்தரு எங்கயோ ஒக்காந்து ஏழு ஏழுன்னு எண்ணிக்கிட்டு இருப்பாரு. வரலன்னா தன் மேலதான் தப்புன்னு நெனப்பாரு. பாவம் இல்லையா?"

கைத்தொலைபேசியை எடுத்து தளத்தில் அந்த மனிதர் கேட்டிருந்ததைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்டாய். பிறகு உள்ளே போய்க் கொப்பியை எடுத்து வந்தாய். அந்த மூன்று வாரமும் நீ சும்மா இருக்கவில்லை. பழைய பக்கங்களையெல்லாம் திரும்பப் பார்த்து, ஏழு சரியாக வந்த வரிகளைத் தனியாகவும் வராதவற்றைத் தனியாகவும் எழுதியிருந்தாய். கணினியைத் தொடாமலே.

"வலது பக்க நம்பரப் பாரு," என்றாய். "ரெட்டப்படையா இருந்தப்போ ஆறுலயே மஞ்சளாயிருது. அதனாலதான் ஏழும் சரியா வந்துச்சு. ஒத்தப்படையா இருந்தப்போ ஒம்போது ஆகுது. ஒரு தப்புப் பண்ணுனா மெதுவா போகச் சொல்றான். இன்னொரு தப்புப் பண்ணுனா பழையபடி."

கொப்பியை வாங்கிப் பார்த்தேன். எல்லா வரியும் அங்கேயே இருந்தன. பாதி என் கையெழுத்து. நானே எழுதிய வரிகளை நான் ஒரு தடவைகூடத் திரும்பப் படித்திருக்கவில்லை.

"சரியான்னு தெரியாது. நாளைக்குப் போட்டுப் பாக்கணும்," என்றாய்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. நீ தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டாய்.

மறுநாள் பின்னேரம் நீ விசையில் கை வைத்தாய், நான் எண்ணினேன். இருபதில் ஒரு தவறு செய்தோம். வலப்பக்கம் பதினொன்றானது. அதிலிருந்து ஒன்பது ஒன்பதாகப் பொறுத்துப் போனோம். முப்பத்தொன்றைத் தாண்டினோம். நாற்பதைத் தாண்டினோம். ஐம்பதைத் தொட்டதும் திரை ஒரு கணம் வெறுமையானது. பிறகு புதிய ஆட்டம் வந்தது. அதே சாம்பல் கட்டங்கள், இந்தத் தடவை இன்னும் அதிகம்.

"இவ்வளவுதானா?" என்றேன்.

"நல்லா வேல செஞ்சா இன்னும் கொஞ்சம் வேல குடுக்குறான்," என்று சொல்லிவிட்டு நீ சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு குழந்தை எழுந்துவிட்டது.

நான் அறிவிப்புப் பலகையில் இருந்ததைக் கிழித்துப் போட்டேன். தளத்தில் எல்லாவற்றையும் புதிதாக எழுதினோம். நீ தமிழில் சொல்ல நான் ஆங்கிலத்தில் தட்டினேன், மேலே இரண்டு பெயர். முதல் வரியிலேயே, முன்பு ஏழு என்று எழுதியது பிழை, அதனால் நேரம் வீணானவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம் என்று போடச் சொன்னாய். எனக்கு விருப்பமில்லை. போட்டோம். கடைசியில் "எங்களுக்குத் தெரியாதவை" என்று ஒரு பகுதி வைக்கச் சொன்னாய். அதில், அழுத்தினால் என்ன ஆகிறது என்று நமக்குப் பிடிபடாத நான்கு விசைகள்.

"தெரியாததை எதுக்குடி எழுதணும்?" என்று கேட்டேன்.

"தெரியாத எடத்துல தெரியாதுன்னு எழுதுனாத்தான், தெரியும்னு எழுதுனத நம்புவாங்க."

இரண்டு மாதம் கழித்து அந்த விளையாட்டை எழுதியவரே கடிதம் போட்டார். வயதானவர், ஏதோ குளிர் நாடு. தன் மகளுக்காக இளவயதில் செய்ததாம். விதிகள் தனக்கே மறந்துவிட்டதாகவும், நம்முடையதைப் படித்துத்தான் மறுபடி விளையாடியதாகவும் எழுதியிருந்தார். நீ அதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாய். "அவரும் எழுதி வைக்கலயா?" என்பதுதான் நீ சொன்னது.

அடுத்த வருடம் உனக்கு வயிற்று வலி வந்தது. வலியையும் அதே மாதிரி இரண்டு நிரலில் எழுதியிருந்தாய். என்ன சாப்பிட்டாய், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் வலித்தது. டாக்டர் அதை வாங்கி வெகு நேரம் படித்தாராம். அப்படி யாரும் கொண்டுவந்து கொடுத்ததில்லை என்றாராம். ஆனாலும் நோய் முந்திவிட்டிருந்தது.

கொழும்புப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் நீ இருந்தபோது நான்கு தடவை வந்தேன். மலை இறங்கிக் கினிகத்தேனை ஊரைத் தாண்டியதும் பஸ்ஸில் வெக்கை ஏறிவிடும், கம்பளிச் சட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வேன். கடைசித் தடவை வந்தபோது உன் கை மெலிந்து வளையல் முழங்கை வரை ஏறியிருந்தது. டாக்டர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன்.

"சரியாயிரும்னு ரெண்டு பேரு சொன்னாங்க. ஒருத்தரு மட்டும், எத்தன நாளுன்னு எனக்குத் தெரியாதும்மான்னு சொன்னாரு. எனக்கு அவரத்தான் புடிச்சிருக்கு."

பிறகு, "அந்த நாலு விசையில ஏதாவது தெரிஞ்சுச்சா?" என்று கேட்டாய்.

"இல்ல."

"பொய் சொல்லாம சொன்னியே," என்று என் விரல்களைப் பிடித்துக்கொண்டாய். ஒன்பது நாள் கழித்து, நான் வகுப்பில் இருந்தபோது உன் தம்பியின் அழைப்பு வந்தது.

அந்த நான்கு விசைகளில் மூன்று இன்னும் அப்படியேதான் இருக்கின்றன. ஒன்றை மட்டும் யாரோ கண்டுபிடித்து எழுதியிருந்தார்கள். அதை மேலே சேர்த்து, அவர் பெயரைப் போட்டேன். மிச்ச மூன்றை அந்தப் பகுதியிலேயே விட்டிருக்கிறேன்.

போன மாதம் அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. பெண் பிள்ளைகள் நிலையத்துக்கு வருவது ஏன் குறைந்தது என்று ஒரு கேள்வி. மற்ற தோட்டத்து நிலையங்களிலிருந்து, மழைதான் காரணம் என்றும், பெற்றோருக்கு அக்கறையில்லை என்றும் எழுதி அனுப்பினார்கள். நான் "தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்" என்று எழுதினேன். அதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டு, "மிஸ், படிவத்துல இப்பிடி எழுதலாமா?" என்று கோபப்பட்டார். நான் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு லயம் லயமாகப் போனேன். வராமல் நின்ற ஏழு பெண் பிள்ளைகளில் ஐந்து பேர் ஓடைக்கு அந்தப் பக்கம். பாலத்தில் இரண்டு பலகை உடைந்திருந்தது. பையன்கள் தாண்டிக் குதித்து வருகிறார்கள், பெண் பிள்ளைகளுக்குப் பாவாடையோடு முடியவில்லை. அதைப் போய் எவரும் கேட்டிருக்கவில்லை. தோட்டத்துத் தச்சர் ஒரு காலை நேரத்தில் பலகை போட்டுக் கொடுத்தார்.

ஐந்து பேரும் இப்போது வருகிறார்கள். மற்ற இரண்டு பேரும் ஏன் வருவதில்லை என்று எனக்கு இன்னும் தெரியாது. அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். நாளைக்குக் காலையில், வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் கலைந்ததும் மேட்டு லயத்துக்குப் போய்க் கேட்க வேண்டும்.